ரஃப் ஒர்க் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்: கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் வேண்டுகோள்



கொஞ்சம் நீளமான பதிவு. யார் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருக்கிறதோ அவர்கள் கட்டாயம் வாசியுங்கள், பிள்ளையையும் வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டே வாசிக்கலாம். கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நடுவில் பதில் இருக்கிறது.

போன பங்குனியில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் தங்கை பேத்தி போன் செய்தாள். இன்ஜினியரிங் கடைசி வருடம். குரலே சரியில்லை.

"தாத்தா, லேப்டாப் ஆன் ஆகல. கடையில காட்டினா டிஸ்க் போயிடுச்சு, உள்ள இருக்கிற எதையும் எடுக்க முடியாதுன்னு சொல்றாங்க. நாலு மாச ப்ராஜெக்ட் தாத்தா. ரிவ்யூக்கு எட்டு நாள்தான் இருக்கு."

"வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலையாம்மா?"

"தினம் கமிட் பண்ணியிருந்தேன் தாத்தா."

கமிட் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனாலும் வாத்தியார் புத்தி, விடாமல் கேட்டேன். "சரி, பண்ணினதெல்லாம் எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்த லேப்டாப்லயேதான் தாத்தா."

எட்டு நாள் தூங்காமல் உட்கார்ந்தாள். தை மாதம் ஒரு தோழிக்கு மெயிலில் அனுப்பியிருந்த பழைய காப்பி கிடைத்தது. அதிலிருந்து ஆரம்பித்து முக்கால்வாசியைத் திரும்ப எழுதி முடித்தாள். ரிவ்யூ அன்று வந்திருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எங்கேம்மா வாங்கினது?"

உறவுகளில் சிலருக்கு இது புரியாமல் இருக்கலாம். நம் ஊர்களில் ப்ராஜெக்ட் சென்டர் என்று கடைகள் இருக்கின்றன. காசு கொடுத்தால் கடைசி வருட ப்ராஜெக்ட்டை ரெடிமேடாகச் செய்து, ரிப்போர்ட்டையும் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இப்போது ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. அதனால் பரிசோதிக்க வருகிறவர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் சொந்தமாக எழுதிய பிள்ளை அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றாள் பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவளிடம் இருந்தது கடைசி விடை மட்டும். அந்த விடைக்கு வந்து சேர்ந்த வழி டிஸ்க்கோடு போய்விட்டது.

இந்த இடத்தில்தான் கணக்கு வாத்தியார் வருகிறான்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நோட்டில் வலது பக்கம் கோடு போட்டு ரஃப் ஒர்க் எழுதச் சொல்வேன். தப்பாகப் போட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம், பக்கத்தைக் கிழித்தால் அடி விழும். விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. விடை சரியாக இருந்து ஸ்டெப் இல்லையென்றால் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன்.

அப்படி ஒரு முறை ஒரு பையனை நிற்க வைத்தேன். கடினமான கணக்கு, விடை சரி, ஒரு ஸ்டெப் கூட இல்லை. காப்பி அடித்தான் என்று முடிவு செய்து வகுப்பு முழுக்கப் பார்க்கத் திட்டினேன். அவன் நோட்டு வாங்கக் காசில்லாமல் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதியிருக்கிறான். அந்தத் தாள்களை ஒரு வாரம் கழித்து அவன் அம்மா கொண்டுவந்து காட்டினார்கள். அவனிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. என் தங்கை பேத்தி ரிவ்யூவில் நின்ற கதையைக் கேட்டபோது அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதனால்தான் இந்த வயதில் இந்தக் கமிட் என்னவென்று தெரிந்துகொண்டே தீருவது என்று கோடை விடுமுறையில் அவளோடு உட்கார்ந்தேன். அவள் புது லேப்டாப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிள்ளைகள் புரோகிராம் எழுதும் நோட்டுக்குப் பெயர் கோட் எடிட்டர். பெரும்பாலோர் வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட் 2015-இல் கொண்டுவந்த வி.எஸ். கோட். அதில் எழுதியதன் ஒவ்வொரு கட்டத்தையும் தேதி, பெயர், ஒரு வரிக் குறிப்போடு பதிந்து வைப்பது கிட் என்ற மென்பொருள். அப்படி ஒரு முறை பதிவதுதான் கமிட். எந்தப் பழைய கட்டத்துக்கும் திரும்பிப் போகலாம். அதாவது கிழிக்க முடியாத ரஃப் ஒர்க் பக்கம். அந்த முழு ரஃப் ஒர்க் நோட்டுக்கும் ரெப்போ என்று பெயர். அதன் பிரதியை வேறொரு ஊரில் இருக்கும் சர்வரில் வைப்பது கிட்ஹப், கிட்லேப் போன்ற இடங்கள். இங்கிருந்து அங்கே அனுப்புவதற்குப் பெயர் புஷ்.

கமிட் வேறு, புஷ் வேறு. என் தங்கை பேத்தி முதலாவதை நாலு மாதம் ஒழுங்காகச் செய்தாள். இரண்டாவதை ஒரு முறை கூடச் செய்யவில்லை. மார்க் ரெஜிஸ்டரை வாத்தியார் தினமும் அழகாக எழுதித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார், ஆபீஸில் ஒப்படைக்கவில்லை. பை தொலைந்தது.

ஏன் இப்படி இரண்டாகப் பிரித்து வைத்தார்கள் என்று கேட்டேன். அதற்கும் காரணம் இருக்கிறது. இதற்கு முன்னால் பரவலாக இருந்த சப்வெர்ஷன் என்ற முறையில் கமிட் செய்தாலே சர்வருக்குப் போய்விடும். சர்வர் கிடைக்கவில்லை என்றால் கமிட்டே செய்ய முடியாது. 2005-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். லினக்ஸ் வேலைக்கு அவர்கள் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவிக்கான சலுகை நின்றுபோனதால், தாமே ஒன்றைச் செய்துகொண்டார். உலகம் முழுக்கச் சிதறி இருப்பவர்கள் இன்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். அதனால் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு வரலாறும் இருக்கும்படி அமைத்தார். பஸ்ஸில் போகும்போது கூடக் கமிட் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சர்வரோடு இணைப்பது தனி வேலையாகிவிட்டது. அந்தத் தனி வேலையைப் பிள்ளைகள் தள்ளிப் போடுகிறார்கள்.

ஏன் தள்ளிப் போடுகிறார்கள் என்பதும் செய்து பார்த்தபோது புரிந்தது. இணைக்கும் வழியில் நாலைந்து கற்கள் கிடக்கின்றன. ஒன்றில் இடறியதும் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் கல்: வி.எஸ். கோட் போட்டாலே கிட் வந்துவிடாது. எடிட்டரில் அதற்கான பொத்தான் இருக்கும், ஆனால் கிட்டைத் தனியாக நிறுவ வேண்டும்.

இரண்டாவது: முதல் கமிட்டின்போதே நீ யார் என்று கிட் கேட்கும். பெயரும் மெயிலும் ஒரு முறை பதிய வேண்டும். ரெப்போ எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் இந்த மெயில் முகவரியும் ஒவ்வொரு கமிட்டோடும் எல்லோருக்கும் தெரியும். சொந்த முகவரியைக் காட்ட விருப்பமில்லாதவர்களுக்குக் கிட்ஹப் ஒரு மறைப்பு முகவரி தருகிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: பாஸ்வேர்டு. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வழியாக அனுப்பும்போது கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. பழைய வீடியோவைப் பார்த்துச் செய்கிற பிள்ளை சரியான பாஸ்வேர்டை அடித்துவிட்டு, ஏன் போகவில்லை என்று முழிக்கும். இப்போது வழி இரண்டு. எடிட்டரிலிருந்தே பிரவுசரைத் திறந்து உள்ளே நுழைந்து அனுமதி கொடுத்தால், டோக்கன் என்ற ஒரு சீட்டு பின்னால் வந்துவிடுகிறது. அல்லது எஸ்.எஸ்.எச். என்ற முறையில் ஜோடிச் சாவி செய்துகொள்ளலாம். ஒன்று நம்மிடமே இருக்கும், யாருக்கும் தரக்கூடாது. மற்றதைச் சர்வரிடம் கொடுத்து வைக்க வேண்டும். ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வழி போதும்.

நான்காவது: வெப்சைட்டில் ஒரு ரெப்போ உண்டாக்கும்போது "ரீட்மீ" என்ற ஃபைலையும் சேர்த்து உண்டாக்கிவிடுவது. லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு வரலாறு, சர்வரில் இன்னொரு வரலாறு. புஷ் செய்தால் சர்வர் மறுத்துவிடும். உடனே யாராவது ஒரு சீனியர் "ஃபோர்ஸ் புஷ் அடி" என்பார். தயவுசெய்து வேண்டாம். அது சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு நம்முடையதை ஏற்றும் வேலை. கூட்டாகச் செய்யும் ப்ராஜெக்ட்டில் தோழனின் ஒரு வார உழைப்பு ஒரே அடியில் காணாமல் போகலாம். சர்வரில் காலியான ரெப்போவாக உண்டாக்குங்கள். அல்லது சர்வரில் முதலில் உண்டாக்கி, அதை லேப்டாப்புக்குக் குளோன் செய்து, அதற்குள் எழுத ஆரம்பியுங்கள். இதைவிடச் சுலபம், எடிட்டரிலேயே இருக்கும் "பப்ளிஷ்" பொத்தான். அது பிரைவேட்டா பப்ளிக்கா என்று கேட்கும். படிக்கும்போது பிரைவேட் என்று வையுங்கள். 2019-லிருந்து கிட்ஹப்பில் அதற்குக் காசும் கிடையாது.

நானும் அவளும் இதையெல்லாம் செய்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. அதில் பாதி நேரம் என் கேள்விகள். அந்த ஒரு மணி நேரம் மார்கழியில் கிடைத்திருந்தால் எட்டு இரவு மிச்சம்.

என்னிடம் படித்து இப்போது ஐ.டி. கம்பெனிகளில் இருப்பவர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். ஒருவன் சிரித்தான். "சார், இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்தா முதல் வாரத்துலயே கத்துக்குவாங்க சார். காலேஜ்ல எதுக்கு?" என்றான். அவன் சொல்வது பொத்தான்களுக்குச் சரி. பழக்கத்துக்குச் சரியில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை வேலைக்குப் போய் மனப்பாடம் செய்யலாம் என்று நான் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ இன்றைக்கு எங்கே இருந்திருப்பாய், சொல்லு.

இன்னொருவர் கேட்ட கேள்வி கனமானது. "சார், கிட்டில் கமிட் தேதியைப் பொய்யாகவும் போடலாமே. அதை எப்படி ஆதாரம் என்கிறீர்கள்?" உண்மைதான். கமிட்டில் இருக்கும் தேதி அவரவர் கம்ப்யூட்டர் சொல்லும் தேதி. நினைத்தால் மாற்றலாம். கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து நாலு மாத வரலாற்றைக் கற்பனையாகவே உண்டாக்கலாம். ஆனால் புஷ் எப்போது வந்து சேர்ந்தது என்பதைச் சர்வர் தன் கடிகாரத்தில் குறித்துக்கொள்கிறது. அதை மாணவர் தன் லேப்டாப்பிலிருந்து மாற்ற முடியாது. ஆகவே கடைசி நாளில் இணைத்தவனிடம் வரலாறு மட்டும்தான் இருக்கிறது, சாட்சி இல்லை. முதல் நாளே இணைத்துத் தினம் அனுப்பியவனுக்குச் சர்வரே சாட்சி. முதல் நாளே இணையுங்கள் என்று நான் சொல்வதற்கு டிஸ்க் போகும் என்ற பயம் பாதிக் காரணம். இது மறு பாதி.

இதே ரிவ்யூவில் என் தங்கை பேத்தியின் தோழி ஒருத்தியையும் அதே கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். அவள் ஒன்றும் பேசாமல் கிட்ஹப்பைத் திறந்து காட்டியிருக்கிறாள். நடுவில் மூன்று நாள் ஒரே பிழையோடு மல்லுக்கட்டியது, ஒரு வழி சரிவராமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வழி எடுத்தது, எல்லாம் அதில் இருந்திருக்கிறது. வந்தவர் அதைப் பார்த்ததும் தொனியே மாறி, "ஏன் அந்த முதல் வழி வேலை செய்யலை?" என்று கேட்டாராம். அப்படிக் கேட்டால்தான் அது பரீட்சை. எங்கே வாங்கினாய் என்று கேட்பது போலீஸ் விசாரணை.

ஆகவே கல்லூரியில் பாடம் நடத்தும் என் மாணவர்களுக்கும் இளைய ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடைசி நாளில் ஒரு ஜிப் ஃபைலைப் பென் டிரைவில் வாங்கி மார்க் போடுவதை விடுங்கள். செமஸ்டரின் முதல் லேப் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையும் தன் எடிட்டரைச் சர்வரோடு இணைத்து, ஒரே ஒரு வரி எழுதி, அதைப் புஷ் செய்து காட்ட வேண்டும் என்று வையுங்கள். அதற்கு மார்க் கொடுங்கள். மாதம் ஒரு முறை வரலாற்றைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். வெளியூர்ச் சர்வர் வேண்டாம் என்று நினைக்கும் கல்லூரிகள் கிட்டீ போன்ற இலவச மென்பொருளைத் தங்கள் லேப் சர்வரிலேயே நிறுவலாம். பெரிய கம்ப்யூட்டர் அதற்குத் தேவையில்லை.

லேப்பில் ஒரு எச்சரிக்கை. காலையில் வந்த மாணவனின் பெயரும் அனுமதியும் அந்தக் கம்ப்யூட்டரில் அப்படியே தங்கிவிடும். மதியம் அதே இருக்கையில் உட்காருகிறவனின் கமிட்கள் காலையில் வந்தவன் பெயரில் பதிவாகும், அல்லது புஷ் செய்ய உனக்கு அனுமதியில்லை என்று சர்வர் திருப்பி அனுப்பும். பொதுக் கம்ப்யூட்டரில் பெயரை அந்த ரெப்போவுக்கு மட்டும் பதியுங்கள். எழுந்து போகும்போது எடிட்டரில் சைன் அவுட் செய்யுங்கள். விண்டோஸாக இருந்தால் கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து உங்கள் சீட்டை நீக்கிவிட்டுப் போங்கள். வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு யாராவது பஸ் ஏறுவார்களா?

சாவி என்றதும் இன்னொன்று. கிழிக்க முடியாத நோட்டு என்பதற்கு மறுபக்கமும் உண்டு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பணம் பிடிக்கும் ஏ.பி.ஐ. சாவி போன்றவற்றைப் புரோகிராமுக்குள் எழுதிக் கமிட் செய்துவிட்டால், மறுநாள் அந்த வரியை நீக்கினாலும் பழைய பக்கத்தில் அது இருக்கும். பப்ளிக் ரெப்போக்களில் இந்தச் சாவிகளைத் தேடுவதற்கென்றே புரோகிராம் எழுதி ஓட விட்டிருக்கும் திருடர்கள் இருக்கிறார்கள். ரகசியங்களைத் தனி ஃபைலில் வைத்து, அந்த ஃபைலின் பெயரைக் கிட்இக்னோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தவறிப் போய்விட்டதென்றால் வரியை அழித்துக்கொண்டு உட்காராமல், முதலில் அந்தச் சாவியையே ரத்து செய்து புதிது வாங்குங்கள்.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை என்ன எழுதுகிறது என்று உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில், "இந்த வாரம் புஷ் பண்ணியாச்சா?" என்று கேளுங்கள். என் தங்கை அப்படித்தான் கேட்கிறாள். புஷ் என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் கேள்வி வேலை செய்கிறது.

பேத்தி பாஸ் செய்துவிட்டாள். மார்க் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. இப்போது தினம் ராத்திரி எடிட்டரை மூடும் முன் புஷ் செய்துவிட்டு, சும்மா இராமல் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போடுகிறாள். அந்தக் கட்டைவிரல் வராத அன்று நான் போன் செய்கிறேன்.

காலண்டர் தாளில் கணக்குப் போட்ட பையா, நீ இதை வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் என் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொன்னாய். உன் பிள்ளைக்கும் இதைக் காட்டு.

இதில் தொழில்நுட்பத் தவறு ஏதாவது இருந்தால் துறையில் இருப்பவர்கள் தயங்காமல் கமெண்ட்டில் திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்த உங்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நீங்கள் இழந்த ப்ராஜெக்ட் கதை இருந்தாலும் எழுதுங்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதைவிட அது உறைக்கும்.